ஆறு பாகம் விறகு

என் அண்ணன் எம்ப்ரெட் இந்த வருஷம் விறகு போடவில்லை என்று எனக்குச் சொன்னவள் ஆஸ்தா. அதுவும் எங்கே? மே பதினேழாம் தேதி தேசிய தின ஊர்வலம் முடிந்து, பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கேக்கும் காப்பியுமாக நிற்கிற இடத்தில். முப்பது வருஷம் தபால் நிலையத்தில் இருந்தவள் அவள். தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள், அவள் வாயை மூட யாராலும் முடியவில்லை.

"ஏண்டி குன்வோர், உங்கண்ணன் வீட்டுச் சுவரு மொட்டையா நிக்குதே, பார்த்தியா?"

"எந்தச் சுவரு?"

"தெக்குச் சுவருதான். ஒரு கட்டை இல்ல. நான் ஏதோ கேக்கணுமேன்னு கேட்டேன்."

"இந்த வருஷம் கொஞ்சம் லேட்டா போடறான்."

"யாரு? எம்ப்ரெட்டா? லேட்டாவா?" என்று சிரித்தாள். கேக்கை அப்படியே வைத்துவிட்டுக் காருக்கு ஓடினேன்.

என் கோபம் ஆஸ்தா மேல் இல்லை, என் மேல்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அந்த வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். சாலையில் எல்க் மான் நிற்கிறதா என்று பார்க்கிறேன், பின்னால் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்களா என்று கண்ணாடியில் பார்க்கிறேன். கூடப் பிறந்தவனின் சுவரை மட்டும் பார்க்கவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் மரத்தை பிப்ரவரியில், பனி இறுகியிருக்கும்போது வெட்டிவிட வேண்டும். ஈஸ்டருக்குள் பிளக்க வேண்டும். மே பதினேழுக்குள் தெற்குச் சுவரில் அடுக்கிவிட்டால் வசந்தக் காற்றும் கோடை வெயிலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அக்டோபரில் எரிக்கிற விறகு அதுதான். எம்ப்ரெட்டின் வீடு மேட்டில் இருக்கிறது, காற்று நேராக வந்து மோதும், குளிர்காலத்துக்கு ஆறு பாகம் வேண்டும். நாங்கள் விறகை அளப்பது பாகத்தில்தான். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம், அவ்வளவு உயரம் அடுக்கினால் ஒரு பாகம். காசு கொடுத்து வாங்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வாங்கலாம். ஆனால் எங்கள் ஊரில் விறகு வாங்குகிறவனைவிட, பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனவனுக்கு மரியாதை அதிகம்.

எம்ப்ரெட்டுக்கு அறுபத்தைந்து வயது, என்னைவிட நான்கு வயது மூத்தவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவன் விறகு அடுக்கைத்தான் கட்டிக்கொண்டான் என்று ஊரில் கேலி செய்வார்கள். அடுத்தவன் வீட்டு அடுக்கில் ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருந்தாலும் காரை நிறுத்தி இறங்கி, உள்ளே தள்ளிவிட்டுப் போகிற ஆள். அப்பேர்ப்பட்டவன் சுவர் மொட்டையாக நிற்கிறதென்றால் எப்படி எடுத்துக்கொள்வது?

எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் விறகு போடாமல் விட்டவர்கள் மூன்று பேர். ஒருவன் அந்த மார்ச்சிலேயே ஆற்றில் இறங்கிவிட்டான். ஒருத்தி வயிற்றில் புற்று என்று தெரிந்தும் யாரிடமும் வாயைத் திறக்காமல் அக்டோபரில் போனாள். மூன்றாமவன் ஹாமார் டவுனிலிருந்த பல் டாக்டரம்மாவோடு கிளம்பிப் போய், இன்றைக்கும் அங்கே சுகமாக இருக்கிறான். கடவுளே, மூன்றாவதாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே காரை ஓட்டினேன்.

எம்ப்ரெட் சமையலறையில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான், ஆனால் ஊர்வலத்துக்கு வரவில்லை.

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து 'உனக்கு என்ன ஆச்சு' என்று கேட்கிற வழக்கம் கிடையாது. விறகைப் பற்றிக் கேட்போம்.

"அண்ணே, விறகெல்லாம் எப்படி?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"கொட்டகைல."

"அடுப்புக்கு ரெண்டு எடுத்துட்டு வரேன்."

"வெயில் அடிக்குது. அடுப்பு எதுக்கு?"

"எனக்குக் குளிருது," என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். கொட்டகையில் போன வருஷத்து மிச்சம் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரிசை கிடந்தது. ஒரு வாரத்துக்குக் காணாது. கோடாலி ஆணியில் தொங்கியது, எண்ணெய் தடவி, சாக்குத் துணி சுற்றி. மரம் அறுக்கும் மெஷினைக் காணோம். அது இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"மெஷின் எங்கண்ணே?"

"சிவெர்ட்டுக்குக் குடுத்துட்டேன்."

"இரவலாவா?"

"குடுத்துட்டேன்."

நான் அங்கே நின்று இன்னும் என்ன கேட்பது? காப்பி ஊற்றினான், குடித்தேன். ஊர்வலத்தில் வாத்தியக்காரர்கள் சுருதி தப்பியதைச் சொன்னேன். எப்போதும் அப்படித்தானே என்றான். வாசலுக்கு வந்து வழியனுப்பவில்லை, நாற்காலியிலிருந்தே கையை ஆட்டினான்.

சிவெர்ட் அடுத்த பண்ணைக்காரன். நாற்பது வயது, டிராக்டரிலேயே பிறந்தவன் மாதிரி இறங்கவே மாட்டான். அவனை வயலின் நடுவே போய்ப் பிடித்தேன்.

"அக்கா, சத்தியமா நான் கேக்கலக்கா. அவரே கொண்டாந்து வெச்சுட்டுப் போனாரு. சங்கிலி கூடப் புதுசு."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'எனக்கு வேணாம்'னாரு. ஒருவேளை கரண்ட்ல வீட்டைச் சூடு பண்ற ஹீட் பம்ப் மாட்டறாரோ என்னவோ. இப்ப எல்லாரும் அதானே மாட்டறாங்க. சொல்ல வெக்கமா இருக்கும் அவருக்கு."

ஹீட் பம்ப்! அட, இது எனக்குத் தோன்றவில்லையே! வாழ்நாளில் ஒரு மெஷினுக்காக நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. மறுநாள் பேருந்தை நிறுத்திவிட்டு நேராக அங்கே போய், வீட்டைச் சுற்றி வந்தேன். அது இருந்தால் வெளிச்சுவரில் ஒரு பெட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி மாட்டத் துளையாவது போட்டிருக்க வேண்டும். வடக்குச் சுவரில் இல்லை. கிழக்கில் பழைய தேன்கூடு இருந்தது. மேற்குப் பக்கம் செடியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஜன்னல் திறந்தது.

"என்னடி தேடற?"

"பூனைய."

"உன்கிட்ட ஏது பூனை?"

"அதான் காணோம்," என்றேன். வேறென்ன சொல்வது? ஜன்னலைச் சாத்திக்கொண்டான். பெட்டி எங்கேயும் இல்லை.

அந்த இரண்டு வாரமும் நான் நானாக இல்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியாது. ஒருநாள் காலையில் ஒரு நிறுத்தத்தைக் கவனிக்காமலே தாண்டிப்போய், இரண்டு பிள்ளைகள் அரை மணி நேரம் மழையில் நின்றார்கள். அவர்களுடைய அம்மா போனில் என்னைப் பிடித்து உலுக்கினாள். நியாயம்தான். இதற்கு நடுவே ஆஸ்தா வேறு புதுச் செய்தியோடு வந்தாள்.

"செவ்வாக்கிழமை ஆனா உங்கண்ணன் கார் ஹாமார் பக்கம் போகுதாம். நல்ல சட்டை போட்டுக்கிட்டு. என்ன விஷயம்டி?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பொம்பளை சமாச்சாரமா இருக்குமோ?"

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்," என்றேன். நிஜமாகவே சொன்னேன். எவளாக இருந்தாலும் சரி, எந்தப் பல் டாக்டராக இருந்தாலும் சரி, வீட்டு வாசலுக்கே போய் மாலை போட்டுக் கூட்டிவரத் தயாராக இருந்தேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. பெண்ணுக்காகப் போகிறவன் மெஷினைக் கொடுப்பான், கோடாலிக்குச் சாக்குத் துணி சுற்றி வைக்க மாட்டான்.

ஜூன் முதல் வாரம் ஒரு முடிவுக்கு வந்தேன். யோசித்து எடுத்த முடிவில்லை, ஆத்திரத்தில் எடுத்தது. விறகு இல்லாததால்தானே இந்தக் கலக்கம்? விறகு இருந்துவிட்டால்? கொட்டகையில் காய்ந்த விறகு இருக்கும்போது அதை எரிக்காமல் போகிற ஆள் இல்லை எம்ப்ரெட். வீணாக்குவது அவனுக்குப் பிடிக்காது. பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

தாமதமானவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிர்ச் மரம் இலை விட்ட பிறகு வெட்டி, கிளையைக் கழிக்காமல் இலையோடு அப்படியே கிடத்திவிட வேண்டும். இலைகள் தண்டிலிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் இலை சுருண்டு பழுப்பாகும்போது மரம் பாதி காய்ந்திருக்கும். சோம்பேறி வெட்டு என்று எங்கள் ஊரில் அதற்குப் பெயர். எம்ப்ரெட்டுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

என் வீட்டுக்குப் பின்னால் சரிவில் நல்ல பிர்ச் நின்றது. சிவெர்ட்டைக் கூப்பிட்டேன். எம்ப்ரெட் கொடுத்த மெஷினோடுதான் வந்தான்.

"அக்கா, இலையோடவா? ஊரு சிரிக்கும்கா."

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும். நீ அறு."

"கிளையைக் கழிச்சுடவா?"

"தொட்ட, கையை முறிச்சுடுவேன்."

"யப்பா!" என்று சொல்லிவிட்டு அறுத்தான். ஜூன் கடைசியில் அவனே வந்து துண்டு போட்டான், விறகு பிளக்கிற மெஷினில் கொடுத்துப் பிளந்தான். மெலிசாகப் பிள, சீக்கிரம் காயும் என்று நான் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன். நாலு பாகம் தேறியது. அதற்கு மேல் என் சரிவில் மரம் இல்லை. செவ்வாய்க்கிழமை எம்ப்ரெட் கார் கிளம்பிப் போனதும், இரண்டு நடை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் அவன் முற்றத்தில் கொட்டினோம். சிவெர்ட் ஓடிவிட்டான். நான் நின்றேன்.

மத்தியானம் கார் வந்தது. எம்ப்ரெட் இறங்கி, கார் கதவைப் பிடித்துக்கொண்டே குவியலைப் பார்த்தான்.

"இது என்ன?"

"விறகு."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

குனிந்து ஒரு கட்டையை எடுத்து முகர்ந்தான். "இலைல வெட்டினதா?"

"ஆமா."

"பச்சை விறகு. எடுத்துட்டுப் போ."

"எடுக்க மாட்டேன்."

"என் முற்றத்துல குப்பையைக் கொட்டிட்டு நிக்கற நீ!"

"ஆமா, கொட்டினேன். என்ன பண்ணுவ?"

கட்டையைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோபப்படுகிற அளவுக்கு இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஜூலையில் ஒரு சொட்டு மழை இல்லை. பள்ளி விடுமுறை, எனக்கு வேறு வேலையும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க் குவியலைக் கிளறிப் போட்டேன். எம்ப்ரெட் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். திட்டவும் இல்லை, வரவும் இல்லை. முதலில் பிடிவாதம் என்று நினைத்தேன். போகப் போக அந்த ஜன்னலைப் பார்க்கவே பயமாக இருந்தது. அடுத்தவன் அடுக்கில் கட்டை நீட்டினால் பொறுக்காத ஆள், தன் முற்றத்தில் விறகு தாறுமாறாகக் கிடப்பதை ஒரு மாதம் உட்கார்ந்து பார்ப்பானா?

ஆகஸ்ட் முதல் வாரம் அடுக்க ஆரம்பித்தேன். எனக்கு அடுக்க வராது, அதை ஒத்துக்கொள்கிறேன். இடுப்பு உயரம் வந்ததும் மொத்தமும் சரிந்து என் கால் மேல் விழுந்தது. கத்தின கத்தலில் கதவு திறந்தது. எம்ப்ரெட் படியில் நின்றான். கையில் பாத்திரம் கழுவுகிற சோப்புப் புட்டி.

"அடுக்கறதுக்கு முன்னாடி காஞ்சிருக்கான்னு பாக்கணும்னு தெரியாதா? ஈர விறகை என் சுவத்துல சாய்க்க விட மாட்டேன்."

"நல்லா காஞ்சிருக்கு."

"பாத்துடலாம்."

எனக்கு உள்ளுக்குள் குதித்தது. இதுதான் என் அண்ணன், வந்துவிட்டான், சண்டைக்கு வந்துவிட்டான். அவன் குவியலிலிருந்து ஒரு கட்டையைத் தேடி எடுத்தான். ஒரு முனையில் சோப்பைத் தடவினான். மறு முனையை வாயில் வைத்து ஊத வேண்டும். விறகு காய்ந்திருந்தால் காற்று உள்ளே ஓடி அந்தப் பக்கம் நுரை பொங்கும், ஈரமென்றால் ஒன்றும் வராது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை.

எம்ப்ரெட் ஊதினான். நுரை வரவில்லை.

"பாத்தியா?" என்று சொல்ல வந்தான், சொல்ல முடியவில்லை. மறுபடி ஊதினான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. மூன்றாவது தரம் இருமல் பிடித்துக்கொண்டது. விறகு வெட்டுகிற மேடைக் கட்டையில் போய் உட்கார்ந்தான். வெகு நேரம் இருமினான். கட்டை கையிலேயே இருந்தது. அப்புறம் அதை என்னிடம் நீட்டினான்.

"நீ ஊது."

வாங்கி ஊதினேன். பெரிதாக ஊதவில்லை, சும்மாதான் ஊதினேன். அந்தப் பக்கம் நுரை குபுகுபுவென்று பொங்கி அவன் முழங்காலில் வழிந்தது.

இரண்டு பேரும் அந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காஞ்சுதான் இருக்கு," என்றான்.

"எப்பத்திலேர்ந்து?"

"பிப்ரவரி. மரம் வெட்டப் போனேன். ரெண்டாவது மரத்துல மூச்சு நின்னு போச்சு. நுரையீரல். ரெண்டு பக்கமும்."

"செவ்வாக்கிழமை?"

"ஆஸ்பத்திரி."

"பல் டாக்டரம்மா இல்லையா?"

"எந்தப் பல் டாக்டரம்மா?" என்று கேட்டு, புரிந்ததும் சிரித்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"கூடப் பிறந்தவ ஒருத்தி இருக்கேன்னு நெனப்பு வேணாமா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊரெல்லாம் என்னென்னவோ பேசுது, நான் பைத்தியம் மாதிரி உன் வீட்டைச் சுத்தி வந்துக்கிட்டிருந்தேன்!"

"சொன்னேனே."

"எப்பச் சொன்ன?"

"மார்ச்சுலேர்ந்து சுவரு அப்படியே நிக்குதே குன்வோர். தினம் ரெண்டு தரம் போற. இன்னிக்கு நிறுத்துவா, நாளைக்கு நிறுத்துவான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

விழுந்து கிடந்த கட்டைகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன்.

"எத்தனை பாகம் அடுக்கட்டும்?" என்று கேட்டேன். எப்போதும் கேட்கிற கேள்விதான். வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று புரிந்தது.

எம்ப்ரெட் குவியலைப் பார்த்தான். அவசரப்படவில்லை.

"ரெண்டு போதும்."

செப்டம்பரில் அடுப்பு மூட்டுவான். ஒரு பாகம் அக்டோபர் வரைக்கும். இரண்டு என்றால் நவம்பர் பாதி. எனக்குக் கணக்கு வராது என்று பள்ளிக்கூடத்தில் திட்டுவார்கள். இந்தக் கணக்கு மட்டும் உடனே வந்தது.

"நாலு இருக்கு."

"நாலு எதுக்கு?"

"ஆறு போடறேன். சிவெர்ட் கிட்ட ரெண்டு பாகம் கேட்டா தருவான்."

"குன்வோர்."

"சரி, நாலு. இருக்கறதை அடுக்கிடறேன். எரிச்சா எரி, எரிக்காட்டி போ."

"மிச்சம் வெச்சுட்டுப் போக எனக்குப் பிடிக்காது."

"அப்ப மூணு! மூணு போடறேன், அதுக்கு ஒரு கட்டை குறைய மாட்டேன். டாக்டர் என்ன சொல்லியிருந்தாலும் சரி."

"டாக்டருக்கு விறகைப் பத்தி என்ன தெரியும்?" என்றான். மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையில் மூன்று கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மூணு போடு," என்றான்.

"அப்ப கிறிஸ்துமஸ்."

"மூணுன்னுதான் சொன்னேன். பண்டிகையெல்லாம் நான் சொல்லல."

அன்றைக்கும் மறுநாளும் அடுக்கினோம். அடுக்கினது நான், அவன் மேடைக் கட்டையில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினான். அடியில் கம்பு வை, பட்டை மேல் பக்கமா போடு, ஓரத்துல குறுக்கே வை, கண்ணு எங்க இருக்கு உனக்கு, இப்படி அடுக்கினா எலி கூடக் குடியிருக்காது. நான் திருப்பித் திட்டினேன். ஆஸ்தா சாலையில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் அவளுக்குக் கையை ஆட்டினோம். தெற்குச் சுவர் நிரம்பிக்கொண்டே வந்தது. இரண்டு பாகம் முடிந்ததும் அதை ஒட்டியே மூன்றாவதுக்குக் கம்பு போட்டேன்.

"அங்க வேணாம்," என்றான்.

"ஏன், சாயுதா?"

"சாயல. நல்லாத்தான் அடுக்கியிருக்க." முதல் தடவையாக அப்படிச் சொன்னான். "மூணாவதை வாசப்படிகிட்ட போடு. அந்த நேரத்துல என்னால சுவரு வரைக்கும் நடக்க முடியாது."

கம்புகளை எடுத்துக்கொண்டு போய் வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவைத் திறந்தால் கைக்கு எட்டுகிற தூரம்தானா என்று ஒரு தரம் உள்ளே நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, அடுக்கத் தொடங்கினேன்.